இரண்டு விரல் பிடி

பிப்ரவரி 9, திங்கள்.
புல்-அப் நான்கு என்று எழுதியிருந்தேன். தவறு. மூன்றுதான். நான்காவதில் தாடை கம்பியைத் தொட்டது, தாண்டவில்லை. அண்ணி கீழேயிருந்து "சபாஷ்" போட்டதும் தாண்டிவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். அடித்து எழுதுகிறேன். இனிமேல் சபாஷைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதை எழுதி, அடிக்கோடு போட்டு, பேனாவை மூடிவிட்டுத்தான் அவள் சாப்பிட வந்தாள். அதற்குள் தட்டில் இருந்தது ஆறிப்போயிருந்தது.

"என்ன கணக்குப்பிள்ளை, இன்னிக்கு ஆடிட்டிங் முடிஞ்சுதா?" என்றான் அண்ணன்.

"நாலு இல்லண்ணா. மூணு."

"எது?"

"புல்-அப்."

"அடிப்பாவி, அந்த ஒண்ணை யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"அவ கேப்பா," என்றாள் அண்ணி, அவள் தட்டை எடுத்துச் சூடாக்கப் போய்க்கொண்டே. "தூக்கத்துல எழுப்பி உக்கார வச்சு தன்னையே கேப்பா. நீங்க சும்மா இருங்க."

கணக்குப்பிள்ளை என்ற பெயர் அண்ணன் வைத்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எதையும் எழுதி வைத்தால்தான் அவளுக்கு நடந்ததாகவே தோன்றும். எழுதிய பிறகு சரியாகத்தான் எழுதினோமா என்று சந்தேகம் வரும். அதையும் எழுதுவாள். வீட்டோடு இருந்த அந்தப் பெயரை அண்ணன்தான் வெளியேயும் கொண்டுபோனான். ஒருநாள் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவன், தீயணைப்பு நிலையத்து வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டுவிட்டான். அன்றிலிருந்து அங்கேயும் அவள் கணக்குப்பிள்ளைதான்.

அங்கே அவளுக்கு கன்ட்ரோல் ரூமில் வேலை. காதில் ஹெட்போன், எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள். தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டும். எங்கே, என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். "வண்டி கிளம்பிடுச்சு, பதறாதீங்க, லைன்லயே இருங்க" என்று சொல்ல வேண்டும். முதலில் சைரன் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். பிறகு தேய்ந்துபோகும். கொஞ்ச நேரத்தில் அதே சைரன் தொலைபேசிக்குள்ளிருந்து வரும். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று யாரோ கத்துவார்கள். இணைப்பு அறுந்துவிடும்.

அத்தோடு அவள் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் என்ன ஆயிற்று, அழுத குழந்தை யாருடையது, மாடியில் இருந்தவர் இறங்கினாரா, எதுவும் அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள். கண்ணாடியில் அவர்கள் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. மூன்று வருடமாக அவள் எல்லாக் கதைக்கும் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஓர் இடம் காலியாக இருப்பதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது, அவள் அதை மூன்று முறை படித்தாள். நிலையத்துக்குள் வேலை செய்பவர்களும் விண்ணப்பிக்கலாம். உடல்தகுதித் தேர்வு உண்டு. ஓட்டம், சுருட்டிய தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தில் ஏறுவது, கடைசியாக யாருடைய உதவியும் இல்லாமல் மூன்று புல்-அப்.

ஓட்டம் அவளுக்கு ஓரளவு வரும். கடைகள் திறக்காத காலை வேளையில் ஓடிவிட்டு, வேகம் கூடியிருந்தால் காற்று பின்னாலிருந்து அடித்ததா என்று யோசித்து அதையும் குறித்துக்கொள்வாள். தண்டாலும் பஸ்கியும் பழகப் பழக வந்தன. கம்பிதான் கம்பியாகவே இருந்தது.

மாலை வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் நடந்தது. மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டால் நடுவே இடம் கிடைக்கும். இரும்பு பீரோவுக்குள் எடைகள். இரண்டு தூண்களுக்கு நடுவே, கையை முழுக்க உயர்த்திக் குதித்தால் எட்டுகிற உயரத்தில் அந்தக் கம்பி. நடத்தியவள் அதே பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. வயது அண்ணியைவிடக் குறைவு, குரல் இருவருடையதைவிடப் பெரியது. விசில் டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவள் இல்லாதபோது.

விசில் டீச்சரிடம் ஒரு சட்டம் உண்டு. கீழே ஜோடி நிற்காமல் யாரும் கம்பியைத் தொடக் கூடாது. முந்தின வருடம் யாரோ தனியாகத் தொங்கி, பிடி நழுவி உட்கார்ந்த வாக்கில் விழுந்து, ஒரு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டாராம். அதனால் ஒருவர் தொங்கினால் இன்னொருவர் பின்னால் நின்று, மடக்கிய கால்களைக் கீழிருந்து தாங்க வேண்டும். முதலில் இரண்டு உள்ளங்கை. பலம் வர வர ஒரு கை. அதற்கப்புறம் இரண்டு விரல். "ரெண்டு விரல் பிடின்னா அது பிடியே இல்ல, சும்மா தைரியத்துக்கு. அந்த நிலைக்கு வந்தாச்சுன்னா நீங்க தனியா ஏறிட்டீங்கன்னு அர்த்தம்," என்பாள் டீச்சர்.

ஜோடி வேண்டும் என்றதும் அண்ணி வந்தாள். பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் சாளரத்துக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் அண்ணி. உடம்பும் அந்த நாற்காலிக்கு ஏற்ற மாதிரிதான்.

"இத பாருங்க டீச்சர்," என்றாள் முதல் நாளே. "நான் உடம்பைக் குறைக்க வரல. என் நாத்தனாரைப் பிடிக்க வந்திருக்கேன். என்னைக் குதி, குனின்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்க்கா. சும்மா நில்லுங்க, போதும்."

"உக்காந்துட்டுப் பிடிக்க முடியாதா?"

அந்த முதல் நாள் அவள் கம்பியில் ஈரத் துண்டு மாதிரி தொங்கினாள். முழங்கைகூட மடங்கவில்லை. இறங்கி, தண்ணீர் குடிக்கிற மாதிரி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். மறுநாள் என்ன மாயமோ, கொஞ்சம் ஏறினாள். அதற்கடுத்த வாரம் கம்பி கண்ணுக்கு நேராக வந்தது. அப்புறம் தாடை. இரண்டு உள்ளங்கை ஒரு கையானது, ஒரு கை இரண்டு விரலானது. "ரெண்டே விரல்டி! தொட்டுக்கிட்டு மட்டும்தான் இருக்கேன்," என்று அண்ணி பின்னாலிருந்து சொல்வாள். சொல்லும்போது அண்ணிக்கு மூச்சு வாங்கும். பாவம், நமக்காகப் பதறுகிறாள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

தேர்வு நாள் வந்தது. ஓட்டத்தில் தேறினாள். குழாயைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறி இறங்கி, அதிலும் தேறினாள். கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் மற்றவர்கள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். கம்பிக்கு அடியில் வந்து நின்றபோது அவளுக்குப் பயமே இல்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

குதித்துப் பிடித்தாள். இழுத்தாள்.

முழங்கை பாதி மடங்கியது. அதற்குமேல் உடம்பு வரவில்லை. யாரோ காலைப் பிடித்துக் கீழே இழுப்பதுபோல் இருந்தது. ஒருத்தரும் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. மறுபடி இழுத்தாள். நிலைய அதிகாரி அதிகம் பேசாதவர். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இறங்கும்மா" என்றார்.

"சார், இன்னும் ஒரு தடவை..."

"இன்னிக்கு இல்ல. மத்த ரெண்டும் நல்லா பண்ணியிருக்க. ஒண்ணுல மட்டும் போனவங்களுக்கு அதை மட்டும் திரும்ப வைப்போம். அடுத்த மாசம். அதுலயும் வரலைன்னா அடுத்த பேரைக் கூப்பிடணும்."

வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியெல்லாம் தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டாள். காலையில் குறைவாகச் சாப்பிட்டோமா? குழாயைத் தூக்கியதில் கை அசந்துவிட்டதா? இல்லை, பயமில்லாமல் இருந்ததுதான் தப்பா? கடைசியில் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றாள். நமக்கு இதெல்லாம் ஆகாது. ஃபோனை எடுத்து முகவரி கேட்பதற்குத்தான் நாம் லாயக்கு.

வீட்டுக்குள் நுழைந்தால் துணி துவைக்கும் இடமெல்லாம் தண்ணீர். சுழன்ற சுழற்சியில் வாஷிங் மெஷின் நகர்ந்துபோய்த் தண்ணீர் வெளியேறும் குழாயின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அண்ணன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் மேலே அனுப்புகிறவன், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் கிடந்தான்.

"நல்ல நேரத்துல வந்த," என்றான் டார்ச்சை எடுத்துவிட்டு. "தேர்வு எப்படி? அதை அப்புறம் சொல்லு. முதல்ல இதோட முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கு, நான் குழாயை உருவிடறேன். நீதான் பயில்வான் ஆச்சே."

அவள் குனிந்து தூக்கினாள். உள்ளே தண்ணீரும் துணியும் நிறைந்திருந்த மெஷின் அசையவில்லை. அண்ணனும் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தான். இருவரும் முக்கியதில் அது 'கிரீச்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

அடுக்களையிலிருந்து அண்ணி வந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசியை இடுக்கியிருந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய அம்மா. "ஆமாம்மா... இல்லம்மா, அவ வந்துட்டா... ஒரு நிமிஷம் இரு," என்றபடி புடவையை இழுத்துச் செருகினாள். "தள்ளுங்க ரெண்டு பேரும்." மெஷினின் அடி விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து, முழங்காலை மடக்கி, "ம்ம்ஹ்..." என்று ஒரு மூச்சு விட்டாள்.

மெஷின் மேலே எழும்பியது.

"எடுங்களேன், என்ன வேடிக்கை பாத்துட்டு? ...உன்னை இல்லம்மா, உன் மாப்பிள்ளையை."

அண்ணன் பாய்ந்து குழாயை உருவினான். அண்ணி மெஷினைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். "சரிம்மா, அந்தப் பல் டாக்டர்கிட்ட போனியா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"ஏம்மா," என்றான் அண்ணன், வாய் திறந்தபடி. "எப்பலேருந்து நீ இப்படி?"

ஆனால் கணக்குப்பிள்ளை அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியின் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கை தையல் பிரிகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது. அந்த "ம்ம்ஹ்" என்ற மூச்சு! அதை அவள் தினமும் கேட்டிருக்கிறாள். கம்பியில் ஏறும் ஒவ்வொரு தடவையும், முதுகுக்குப் பின்னால்.

"அண்ணி. ஃபோனை வைங்க."

அந்தக் குரலைக் கேட்டு அண்ணி வைத்துவிட்டாள்.

"ரெண்டு விரல்னு சொன்னீங்களே. எந்த ரெண்டு?"

அண்ணி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். "ரெண்டு விரல்தான் கண்ணு," என்றாள் மெதுவாக. "மீதி எட்டும் சும்மா கூட நின்னுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன்கூட.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது நாள்லேருந்து." அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்த பிறகும். "முத நாள் நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு அழுதேல்ல? நான் பாத்தேன். மறுநாள் லேசா ஒரு தள்ளு தள்ளினேன். நீ இறங்கி வந்தே பாரு, ஒரு மூஞ்சியோட... அந்த மூஞ்சியை நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து பாத்ததே இல்லடி. அப்புறம் எப்படிக் கையை எடுக்கறது? இன்னிக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம்னு... நீ முக்கற சத்தம் கேட்டா கை தானா மேல போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னிக்கு என்னால ஒண்ணுகூட முடியல அண்ணி."

அண்ணி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை கணக்குப்பிள்ளை தன் அறையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பேனாவை வைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எதை அடிப்பது? இதில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு அண்ணியுடையது என்று எப்படிப் பிரிப்பது? நாலை மூன்றாகத் திருத்திய அந்தப் பக்கத்தில் வந்து நின்றபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரே ஒரு எண்ணுக்காக அப்படி நேர்மையாக இருந்திருக்கிறாள், மொத்தமும் கடன்பட்டது என்று தெரியாமல்! கடைசியில் எதையும் அடிக்கவில்லை. ஒவ்வொரு புல்-அப் எண்ணுக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் 'இருவர்' என்று எழுதிக்கொண்டே வந்தாள்.

கதவு லேசாகத் திறந்தது. "திட்டணும்னா திட்டிடு," என்றது அண்ணியின் குரல். "எழுதி வச்சுக்கிட்டு அப்புறமா, தவணையில திட்டாதே."

"உள்ள வாங்க அண்ணி."

"வர மாட்டேன். நீ சாப்பிட வா. வந்து அங்க திட்டு."

அவள் போனாள். திட்டவும் செய்தாள். கொஞ்சம்தான்.

மறுநாள் வகுப்பில் இருவரும் விசில் டீச்சருக்கு முன்னால் போய், தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டவர்கள் மாதிரி நின்றார்கள். கதையை முழுக்கக் கேட்ட டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தாள், ஊதாமலே எடுத்துவிட்டாள்.

"என் தப்பும்தான்," என்றாள். "நான் உன் தாடையைப் பாத்தேன். அக்கா கையைப் பாக்கவே இல்ல." பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். "அக்கா, அந்த எடையைக் கொஞ்சம் தலைக்கு மேல தூக்குங்க, பாக்கலாம்."

"குதி, குனின்னு சொல்ல மாட்டேன்னீங்க!"

"குதிக்க வேணாம். தூக்குங்க."

அண்ணி தூக்கினாள். டீச்சர் இருபுறமும் ஒவ்வொரு இரும்பு வட்டைச் சேர்த்தாள். அண்ணி தூக்கினாள். இன்னும் ஒன்று. "ம்ம்ஹ்." அதுவும் போனது. முழங்கை ஊன்றிப் பிளாங்க் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் தரையில் சரிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்பிலேயே பலசாலி என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், "அக்கா, எங்க வீட்டு பீரோவை மாடிக்கு ஏத்தணும். ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்றார்.

"உங்களையும் சேத்து ஏத்தறேன், பீரோவுக்குள்ள போய் உக்காருங்க."

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் ஒரு நாற்காலியைக் கம்பிக்கு அடியில் இழுத்துப் போட்டாள். "நீ ஏற வேணாம்," என்றாள் கணக்குப்பிள்ளையிடம். "நாற்காலி மேல ஏறி நின்னு, தாடையைக் கம்பிக்கு மேல வச்சுக்கோ. காலை எடு. மெதுவா இறங்கு. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா. ஏத்தறது எந்தச் சதையோ, இறங்கும்போது பிடிச்சு நிறுத்தறதும் அதே சதைதான். இறங்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒருநாள் ஏற வந்துடும்."

"வருமா டீச்சர்?"

"வரும். இத்தனை நாள் நீயும் சும்மா தொங்கல. பாதியாவது இழுத்திருப்ப. உன் பாதி உன்கிட்டதான் இருக்கு."

சட்டம் சட்டம்தான். ஜோடி கீழே நிற்க வேண்டும். ஆனால் அண்ணி தன் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் மட்டும் பிடிக்கலாம். மற்றபடி கை வெளியே வந்தால் இருபது பஸ்கி. டீச்சர் போட்ட இந்த அபராதம் அண்ணியைப் படாதபாடு படுத்தியது. நாத்தனார் பாதி வழியில் நடுங்கத் தொடங்கினால் போதும், அண்ணியின் கை அக்குளிலிருந்து தானாகப் பறந்துவிடும். விசில் ஊதும். அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு வேலைக்குப் போறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்," என்று புலம்பியபடி உட்கார்ந்து எழுவாள். நாற்காலியிலேயே ஊறிப்போன அந்த உடம்பு அந்த மாதத்தில் எழுந்தது போல் எப்போதும் எழுந்ததில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கையெல்லாம் வலித்தது. தலை சீவ வலித்தது, ஹெட்போனை மாட்ட வலித்தது. நோட்டில் இப்போது புல்-அப் என்ற இடத்துக்கு எதிரே பூஜ்யம் போட்டாள். ஒவ்வொரு நாளும் பூஜ்யம். அதைப் போடும்போது முன்னைப்போல் கூசவில்லை. அது அவளுடைய சொந்தப் பூஜ்யம்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஒரு மாலை, வழக்கம்போல் மெதுவாக இறங்கி முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் காலை வைப்பதற்குப் பதிலாக, என்ன தோன்றியதோ, இழுத்தாள். உடம்பு மேலே போனது. தாடை கம்பியைத் தாண்டியது.

பொத்தென்று கீழே குதித்துத் திரும்பினாள். "அண்ணி! தொட்டீங்க!"

"இல்லடி!"

"தொட்டீங்க. எனக்குத் தெரியும். மறுபடியும் ஏன் இப்படிப் பண்றீங்க?"

அண்ணியின் இரண்டு கையும் அக்குளுக்குள்தான் இருந்தன. அவள் கண் மட்டும் நிறைந்து போயிருந்தது. "சத்தியமா தொடல. கேளு. எல்லாரையும் கேளு."

"தொடலைங்க," என்றார் மருந்துக்கடைக்காரர், எடையைக் கீழே வைத்துவிட்டு. "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்க மூச்சு மட்டும்தான் விட்டாங்க."

அவள் நம்பவில்லை. பார்த்தவர் சொன்னால்கூட நம்ப முடியாத அளவுக்கு, அண்ணியின் கை அவள் முதுகுக்குப் பின்னால் பழகிப்போயிருந்தது.

"சரி," என்றாள் அண்ணி. "நான் வெளியே போய் நிக்கறேன். அப்ப பண்ணு. அப்பவாவது நம்புவல்ல?"

டீச்சர் தானே வந்து கம்பிக்குக் கீழே நின்றாள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குதித்துப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. வெறுமையாக இருந்தது. இழுத்தாள். தோள் எரிந்தது. முழங்கை மடங்கியது. பழைய இடத்தில் வந்து நின்றது. நடுங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

தாடை கம்பிக்கு மேல் வந்ததும் எதிர்ச் சுவரில் உயரத்திலிருந்த ஜன்னல் தெரிந்தது. எப்போதும் தெரிகிற ஜன்னல்தான். ஆனால் இன்று அதில் அண்ணியின் முகம் இருந்தது. வெளியே எதன் மேலோ ஏறி நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் முதுகுக்குப் பின்னால் இருந்த முகத்தை அவள் அப்போதுதான் எதிரே பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "சபாஷ்"தான், வேறென்ன.

"ஒண்ணு," என்றாள் டீச்சர் கீழேயிருந்து.

அப்புறம் வெளியே ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. "எனக்கு ஒண்ணும் ஆகல! பக்கெட்தான் உடைஞ்சுது!" என்ற குரலும்.

மறுதேர்வு நாளில் நிலையத்து வாசலில் அண்ணனும் வந்து நின்றான். மனைவியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "இவ கையை நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

"விடுங்க, வலிக்குது."

"உனக்கா வலிக்கும்? மெஷினைத் தூக்கறவளுக்கு?"

முதலாவது ஒழுங்காக வந்தது. இரண்டாவது கொஞ்சம் கோணலாக. மூன்றாவதில் பாதியில் நின்றுவிட்டாள். வலது தோள் மேலே, இடது தோள் கீழே, முகம் எப்படி இருந்தது என்பது அவளுக்கே தெரிய வேண்டாம். நிலைய அதிகாரி பேனாவைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை, செருகவும் இல்லை. அப்போது வாசலிலிருந்து, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, பழகிய அந்த மூச்சு வந்தது. "ம்ம்ஹ்!" மூச்சு மட்டும்தான். கை இல்லை. தன் கைதான் இழுக்கிறது என்று இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"மூணு," என்றார் அதிகாரி. கம்பியிலிருந்து இறங்கியவளைப் பார்த்து இன்னொரு வாக்கியமும் சொன்னார். அவருக்கு அது பெரிய பேச்சு. "திங்கக்கிழமை வண்டில ஏறிடு."

கன்ட்ரோல் ரூம் கண்ணாடியை உள்ளேயிருந்து எல்லோரும் தட்டினார்கள். சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்ட நினைத்தாள். கை உயரவில்லை.

வீட்டில் அன்று நிறையப் பேச்சு. அண்ணன் புது வாளி வாங்கி வந்திருந்தான், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க. சாப்பிட்டு முடித்த பிறகு, பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே, எதையோ சாதாரணமாகக் கேட்பதுபோல் அண்ணி கேட்டாள்.

"ஏன் நாத்தனாரே, அந்தக் கம்பில நான் ஒரு தடவை தொங்கிப் பாத்தா என்ன?"

"நீங்களா? உடம்பைக் குறைக்க வரலைன்னீங்க."

"குறைக்க இல்லடி. மேலேருந்து அந்த ஜன்னல் எப்படித் தெரியும்னு பாக்கணும். நான் வெளியேருந்துதான் பாத்திருக்கேன்." துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "ஆனா நீதான் பிடிக்கணும். நல்லா பிடிக்கணும்."

"பிடிக்கறேன் அண்ணி."

"கொஞ்சம் தூக்கியும் விடலாம், யாருக்கும் தெரியாது."

"மாட்டேன்."

"கல் நெஞ்சக்காரி," என்றாள் அண்ணி, மிகுந்த திருப்தியோடு.

அவள் அறைக்குப் போய் நோட்டைத் திறந்தாள். விரல்கள் இன்னும் கம்பியைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடந்தன. அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. திருத்தவில்லை.

மார்ச் 24, செவ்வாய்.
புல்-அப் மூன்று. ஒருவர்.

நாளை: மாலை வகுப்பு. கம்பியில் அண்ணி, கீழே நான். முதலில் இரண்டு உள்ளங்கை. பிறகு குறைக்க வேண்டும்.